எந்த டின் என்று சொல்லுங்கள்: கைப்பற்றப்பட்ட டின் மீன்கள் பற்றி ஒரு திறந்த மடல்

சுகாதார சேவைகள் பணிப்பாளர் நாயகம் அவர்களுக்கும், நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையில் இருப்பவர்களுக்கும், வெயிலிலும் மழையிலும் கடை கடையாக ஏறி இறங்குகிற பி.எச்.ஐ. மாருக்கும் (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்களுக்கும்),

வணக்கம். மட்டக்களப்பு மாவட்டத்தில் ஒரு சின்னப் பலசரக்குக் கடை வைத்திருக்கிறேன். ஊர்ப் பெயர் வேண்டாம், இந்தக் கதை எல்லா ஊருக்கும் பொருந்தும். ஒரு நாள் இரவுச் செய்தியில் "மனிதப் பாவனைக்கு உதவாத ஒரு தொகை டின் மீன்கள் சுற்றிவளைப்பில் கைப்பற்றப்பட்டன" என்று வாசித்தார்கள். ஒரு களஞ்சியம், அடுக்கி வைத்த பெட்டிகள், பக்கத்தில் நிற்கிற அதிகாரிகள், அவ்வளவுதான் காட்டினார்கள். அடுத்த நாள் காலை கடையைத் திறந்து கூட்டிக்கொண்டிருக்கும்போதே, எங்கள் ஒழுங்கையில் இருக்கிற மாமி ஒருவர் சொப்பிங் பையில் மூன்று டின்களைப் போட்டுக்கொண்டு வந்து மேசையில் வைத்தார். "மனே, இது அந்த டின்தானா?"

எனக்குத் தெரியவில்லை. உண்மையாகவே தெரியவில்லை. டின்னைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், திகதி இருக்கிறது, எஸ்.எல்.எஸ். என்ற இலங்கைத் தர முத்திரை இருக்கிறது, மூடியில் ஏதோ எழுத்தும் இலக்கமும் அடித்திருக்கிறது, வெளியில் ஒரு குறையும் இல்லை. ஆனால் செய்தியில் சொன்னது எந்தப் பிராண்ட், எந்தத் தொகுதி (ஒரே தடவையில் சேர்த்து அடைத்த டின்கள்), எந்தத் திகதி என்று ஒன்றுமே சொல்லவில்லையே, நான் எதை வைத்து ஒப்பிடுவது? மாமிக்குக் காசைத் திருப்பிக் கொடுத்துவிட்டு டின்களை வாங்கி மேசைக்குக் கீழே வைத்தேன். அன்று பகலுக்குள் இன்னும் நாலு பேர் அதே கேள்வியோடு வந்தார்கள்.

இந்த மடலில் நான் கேட்கப் போவது ஒன்றே ஒன்றுதான். நீங்கள் கைப்பற்றுகிறீர்கள், அது நல்ல வேலை, செய்ய வேண்டிய வேலை. ஆனால் எதைக் கைப்பற்றினீர்கள் என்று எங்களுக்குச் சொல்லுங்கள். பிராண்ட், தொகுதி இலக்கம், காலாவதித் திகதி, எந்த மாவட்டங்களுக்குப் போனது என்ற விவரம். இவ்வளவும் இல்லாமல் "ஒரு தொகை" என்று மட்டும் சொன்னால், களஞ்சியத்தில் இருந்த டின்கள் மட்டும்தான் பிடிபட்டன, எங்கள் வீட்டுக் குசினித் தட்டுகளில் இருக்கிற டின்கள் பிடிபடவில்லை.

இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்று கேட்பீர்கள். என்னுடைய டின்களையும் ஒரு தடவை கைப்பற்றியிருக்கிறார்கள். அதை மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

சில வருடங்களுக்கு முன்னால், ஒரு மாரி வெள்ளம் வடிந்த பிறகு, வழக்கமாகச் சாமான் எடுக்கிற இடத்தில் இல்லாமல் வேறு ஒரு மொத்த வியாபாரியிடம் இரண்டு பெட்டி எடுத்தேன். பெரிய டின், 425 கிராம், பெட்டிக்கு 24. வழக்கமான விலையை விட நல்ல மலிவு. ஏன் மலிவு என்று கேட்டேன், ஸ்டொக்கை முடிக்கிறோம் என்று சொன்னார், நானும் அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். பெட்டி புதுசு, லேபிள் புதுசு, திகதி இன்னும் ஒன்றரை வருடம் இருந்தது. பத்து நாளில் ஏழு டின் விற்றுவிட்டேன். அப்புறம் ஒரு நாள் பி.எச்.ஐ. ஐயா வந்தார், வழக்கமான செக்கிங் தான், பருப்பு மூட்டையைப் பார்த்தார், மிளகாய்த் தூளைப் பார்த்தார், டின் தட்டுக்கு வந்ததும் ஒரு டின்னை எடுத்து இரண்டு பக்க மூடியையும் பெருவிரலால் அமர்த்தினார். "டிக்" என்று உள்ளே போய் மற்றப் பக்கம் வெளியே வந்தது. ஒன்றுமே பேசாமல் லேபிளின் ஓரத்தை நகத்தால் கிளப்பி முழுவதுமாக உரித்தார். உள்ளே டின்னின் இடுப்பைச் சுற்றி ஒரு மண் நிறக் கோடு, விளிம்பு மடிப்பு முழுக்கக் கறள்.

வெள்ளத்தில் மூழ்கிய டின்கள். கழுவி, துடைத்து, புது லேபிள் சுற்றி, புதுப் பெட்டியில் போட்டு என்னிடம் தள்ளியிருக்கிறார்கள். மிச்சம் 41 டின்னையும் பட்டியல் போட்டு எடுத்துக்கொண்டு போனார். நீதவான் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டேன், தண்டம் கட்டினேன். அதில் எனக்கு ஒரு மனக்குறையும் இல்லை, என் கடையில் இருந்ததற்கு நான்தான் பொறுப்பு. ஆனால் டின்களை எடுத்துக்கொண்டு போன அன்று இரவு என்னைத் தூங்கவிடாமல் பண்ணியது அந்த 41 இல்லை, முதலில் போன ஏழு. யார் யாருக்கு விற்றேன் என்று கடன் கொப்பியைப் புரட்டினேன். நாலு பெயர் கொப்பியில் இருந்தது. ஒன்று ஞாபகம் வந்தது. சைக்கிளை எடுத்துக்கொண்டு ஐந்து வீட்டுக்கும் போனேன். மூன்று வீட்டில் சமைத்துச் சாப்பிட்டு முடித்திருந்தார்கள், கடவுள் புண்ணியத்தில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. இரண்டு வீட்டில் டின் அப்படியே இருந்தது, வாங்கிக்கொண்டு வந்தேன். மற்ற இரண்டு டின்னும் யாரிடம் போனது என்று இன்று வரைக்கும் எனக்குத் தெரியாது.

ஏழு டின்னுக்கு ஒரு கடைக்காரன் சைக்கிளில் ஐந்து வீடு போக முடியும் என்றால், ஆயிரக்கணக்கான டின்னுக்கு ஒரு அமைச்சு ஒரு பக்க அறிவித்தல் போட முடியாதா?

அந்த மொத்த வியாபாரியின் பெயர், இடம், எல்லாம் விசாரித்தவர்களிடம் சொன்னேன். என்னிடம் இருந்தது ஒரு துண்டுக் கடதாசி, "மீன் டின் 2 பெட்டி" என்று எழுதி மொத்தத் தொகை மட்டும் போட்டது. தொகுதி இலக்கம் இல்லை, கடை முத்திரை இல்லை. அவருக்கு என்ன நடந்தது, அவரிடம் மிச்சம் எத்தனை பெட்டி இருந்தது, அந்தப் பெட்டிகள் வேறு எந்தக் கடைகளுக்குப் போயின, எனக்கு யாரும் சொல்லவில்லை. ஒரு அலுவலகத்தில் இரண்டு தரம் போய்க் கேட்டேன், பிறகு விட்டுவிட்டேன். என் கடையோடு கதை முடிந்துபோனது.

வாவியும் கடலும் இருக்கிற ஊரில் டின் மீனை யார் வாங்குகிறார்கள் என்று கொழும்பில் இருக்கிறவர்கள் யோசிக்கலாம். வந்து பாருங்கள். கார்த்திகை, மார்கழி, தை என்று வாடைக்காற்று அடித்துக் கடல் கொந்தளிக்கிற மாதங்களில் வள்ளம் இறங்காத நாட்கள் எத்தனையோ. சந்தையில் இருக்கிற கொஞ்ச மீனும் தொட முடியாத விலை. அந்த நாட்களில் மீன்பிடிக் குடும்பங்களே என்னிடம் டின் வாங்கும். வெள்ளத்தில் பாடசாலையில் தங்கியிருக்கிற சனத்துக்குக் கொடுக்கிற உலர் உணவுப் பொதியில் அரிசி, பருப்பு, சீனியோடு டின் மீனும் இருக்கும். மலையகத்தில் செமன் என்பார்கள், சம்பள நாளில் ஒன்று, விருந்தாள் வந்தால் ஒன்று. வெங்காயமும் பச்சை மிளகாயும் வதக்கி, கொஞ்சம் தேங்காய்ப் பால் விட்டு, பாணுக்கோ ரொட்டிக்கோ வைத்தால் ஒரு டின்னில் ஆறு பேர் சாப்பிடலாம். குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டுக்கு அதுதான் அவசரத்துக்கு இருக்கிற மீன். அப்படிப்பட்ட ஒரு சாமானில் ஏமாற்று நடந்தால் அடி விழுவது யாருக்கு என்று நான் சொல்லத் தேவையில்லை.

என் கடையில் அது நடந்த பிறகுதான் டின் மீனைப் பற்றித் தேடித் தேடி வாசிக்கத் தொடங்கினேன். நான் விற்கிற சாமானைப் பற்றி இவ்வளவு காலம் ஒன்றுமே தெரியாமல் இருந்திருக்கிறேன் என்று வெட்கமாக இருந்தது. மீனைத் துண்டு போட்டு டின்னில் அடைத்து, காற்றை எடுத்து, மூடியை இரட்டை மடிப்பாக மடித்து இறுக்கி, அதற்குப் பிறகுதான் நீராவி அழுத்தத்தில் 121 பாகை செல்சியஸ் அளவுக்குச் சூடாக்குகிறார்கள். சாதாரணமாகக் கொதிக்க வைத்தால் சாகாத, போட்டுலிசம் என்ற உயிராபத்தான உணவு நஞ்சூட்டலை உண்டாக்குகிற கிருமியின் வித்துகளையும் அழிப்பதற்குத்தான் அவ்வளவு சூடு. ஆகவே சரியாகச் செய்த டின்னுக்குள் பெருகிக் கெடுக்கக்கூடிய கிருமி இல்லை, மூடி இறுக்கமாக இருக்கும் வரைக்கும் வருடக்கணக்கில் வைக்கலாம். எல்லாமே அந்த மடிப்பில்தான் இருக்கிறது. மடிப்பு நெளிந்தாலோ, கறள் அரித்து ஊசி முனை அளவுக்கு ஒரு துளை விழுந்தாலோ, வெள்ளத் தண்ணீரில் கிடந்தாலோ, வெளியில் இருக்கிறது உள்ளே போகும். போனது அங்கே பெருகி வாயுவை விடும், டின் ஊதும். ஊதாமலும் கெடும், அதுதான் இன்னும் பயம்.

1978 இல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் வயதான நாலு பேர் அலாஸ்காவில் அடைத்த ஒரே ஒரு டின் சாமன் மீனைப் பகிர்ந்து சாப்பிட்டு நாலு பேருக்கும் போட்டுலிசம் வந்தது, இரண்டு பேர் இறந்துபோனார்கள். டின்னில் இருந்த ஒரு சிறு பழுது வழியாக, சூடாக்கி முடித்த பிறகு, கிருமி உள்ளே போயிருக்கிறது. நாலு வருடம் கழித்து 1982 இல் பெல்ஜியத்தில் அதே மாதிரி ஒருவர் இறந்தார், அதுவும் அலாஸ்கா சாமன், அதுவும் டின்னில் ஒரு சிறு துளை. அந்தத் தடவை ஒரு டின்னின் துளையைப் பின்தொடர்ந்து போய், டின்னை வடிவமைக்கிற இயந்திரத்தில் பிழை என்று கண்டுபிடித்து, கோடிக்கணக்கான டின்களைத் திருப்பி எடுத்தார்கள். டின்னில் அடித்திருந்த குறியீட்டை வைத்துத்தான் அதைச் செய்ய முடிந்தது. மாமியின் டின் மூடியில் நான் பார்த்த அதே மாதிரியான எழுத்தும் இலக்கமும்தான்.

இன்னொன்றும் இருக்கிறது, ஹிஸ்டமின். இதைப் பற்றி எங்கள் ஊரில் நான் கேட்ட யாருக்குமே தெரிந்திருக்கவில்லை. சூரை, கானாங்கெளுத்தி, சாளை மாதிரியான மீன்களைப் பிடித்தவுடன் ஐஸில் போடாமல் வெயிலில் விட்டால், அதன் சதையில் இருக்கிற ஒரு பொருளைக் கிருமிகள் ஹிஸ்டமினாக மாற்றிவிடும். அதற்குப் பிறகு அந்த மீனை எவ்வளவு சூடாக்கினாலும் கிருமி சாகுமே தவிர ஹிஸ்டமின் போகாது. டின்னில் அடைத்தாலும் இருக்கும். சமைத்தாலும் இருக்கும். டின் ஊதாது, கறள் பிடிக்காது, பெரும்பாலும் மணமும் காட்டிக்கொடுக்காது. சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் முகம் சிவக்கும், உடம்பு கடிக்கும், தலையிடி, நெஞ்சுப் படபடப்பு, சத்தி. ஆஸ்பத்திரிக்குப் போனாலும் "மீன் ஒத்துக்கொள்ளவில்லை" என்றுதான் நினைக்கத் தோன்றும். எங்கள் வீட்டில் யாருக்குத்தான் அப்படி ஒரு தடவை வரவில்லை? ஒரு கிலோ மீனில் 200 மில்லிகிராமுக்கு மேல் ஹிஸ்டமின் இருக்கக் கூடாது என்று கோடெக்ஸ் என்ற சர்வதேச உணவுத் தரம் சொல்கிறது. அது கூடியிருக்கிறதா என்று ஆய்வுகூடம்தான் சொல்ல முடியும். என்னால் முடியாது. மாமியாலும் முடியாது.

ஆகவே "பொதுமக்கள் டின் வாங்கும்போது கவனமாகப் பார்த்து வாங்குங்கள்" என்று நீங்கள் சொல்கிற அறிவுரையை நான் மதிக்கிறேன், ஊதினது, நெளிந்தது, கறள் பிடித்தது எல்லாம் நாங்கள் பார்த்து ஒதுக்கலாம், ஒதுக்குகிறோம். ஆனால் கண்ணுக்குத் தெரியாததை எப்படிப் பார்ப்பது? அது உங்களுக்கு மட்டும்தான் தெரியும். தெரிந்த நீங்கள் சொல்லாவிட்டால் அந்த அறிவுரையில் பாதி வீணாகப் போகிறது.

சட்டத்தில் குறை இருக்கிறது என்று நான் சொல்ல வரவில்லை. 1980 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க உணவுச் சட்டம் இருக்கிறது. மனிதப் பாவனைக்கு உதவாத உணவை இறக்குமதி செய்யவோ, விற்கவோ, விநியோகிக்கவோ கூடாது என்று அது தெளிவாகச் சொல்கிறது. அதிகாரம் பெற்ற அலுவலர் கடைக்குள் வரலாம், மாதிரி எடுத்துப் பகுப்பாய்வாளருக்கு அனுப்பலாம், பொருளைக் கைப்பற்றலாம், நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகலாம். டின் மீனுக்கென்று எஸ்.எல்.எஸ். 591 என்ற தரம் இருக்கிறது. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை இருக்கிறது, 1977 என்ற இலக்கத்துக்கு முறைப்பாடு சொல்லலாம். பிடிப்பதற்கு வேண்டியதெல்லாம் இருக்கிறது. பிடித்ததைச் சொல்வதுதான் இல்லை. நான் வாசித்த செய்திகளில் பெரும்பாலானவற்றில் "பிரபல வர்த்தக நிலையம்", "தனியார் நிறுவனம் ஒன்று" என்றுதான் வருகிறது. படத்தில் தெரிகிற லேபிளையும் மங்கலாக்கிவிடுகிறார்கள்.

இது ஒன்றும் உலகத்தில் இல்லாத வழக்கத்தைக் கேட்கிற மாதிரி இல்லை. அமெரிக்காவில் 1906 இல் சுத்த உணவு, மருந்துச் சட்டம் வந்தபோது, அழுகிய அல்லது அசுத்தமான உணவை அரசாங்கம் கைப்பற்றலாம் என்று மட்டும் எழுதிவிட்டு விடவில்லை, தீர்ப்பு வந்ததும் அதைப் பிரசுரிக்க வேண்டும் என்றும் அதே சட்டத்தில் எழுதினார்கள். அந்த நாட்டில் வழக்கே பொருளின் மேல்தான் போடுவார்கள், இத்தனை பெட்டி டின் மீனுக்கு எதிராக அரசாங்கம் என்று வழக்கின் பெயரே அப்படி இருக்கும். 1908 முதல் அந்தத் தீர்ப்பு அறிவித்தல்கள் வரிசை இலக்கத்தோடு அச்சாகி வந்தன. என்ன பொருள், எத்தனை பெட்டி, யார் அனுப்பியது, எங்கே இருந்து எங்கே போனது, என்ன குற்றச்சாட்டு, கடைசியில் அழித்தார்களா விட்டார்களா, எல்லாம் அதில் இருக்கும். நூறு வருடத்துக்கு முன்னால் கைப்பற்றிய டின் சாமனுக்கு என்ன நடந்தது என்று இன்றைக்கும் ஒருவர் எடுத்து வாசிக்கலாம். எங்கள் நாட்டில் போன மாதம் கைப்பற்றியதற்கு என்ன நடந்தது என்று எனக்கு வாசிக்கக் கிடைக்கவில்லை.

அவ்வளவு தூரம் போக வேண்டாம் என்றால் இந்தோனேசியாவைப் பாருங்கள். 2018 மார்ச் மாதம் டின் கானாங்கெளுத்தியில் ஒட்டுண்ணிப் புழு இருக்கிறது என்று தெரிந்ததும், அந்த நாட்டின் உணவு, மருந்து கட்டுப்பாட்டு முகவரகம் 66 பிராண்டுகளைச் சோதித்து, 27 பிராண்டுகளில் புழு இருந்தது என்று பெயர்ப் பட்டியலையே வெளியிட்டது. 16 இறக்குமதி, 11 உள்ளூர். உள்ளூர் நிறுவனம் என்று மறைக்கவில்லை. சனம் தன் வீட்டு டின்னை எடுத்துப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டது. அவ்வளவுதான் நானும் கேட்கிறேன்.

எங்கள் அரசாங்கத்தால் முடியாது என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். 2020 மார்ச் 17 ஆம் திகதி ஞாபகம் இருக்கிறதா? பருப்பு கிலோ 65 ரூபாய், பெரிய டின் மீன் 100 ரூபாய் என்று உச்ச விலை அறிவித்தீர்கள். அடுத்த நாள் காலை நான் கடையைத் திறக்க முன்னமே வாசலில் ஆட்கள், எல்லோருக்கும் அந்த இரண்டு இலக்கமும் மனப்பாடம், எழுத வாசிக்கத் தெரியாத ஆச்சிக்கும் தெரியும். நான் அதைவிடக் கூடக் கொடுத்து வாங்கிய டின்களை 100 ரூபாய்க்கு விற்றேன், விற்காவிட்டால் அதிகாரிகள் வருவார்கள் என்ற பயம். ஏப்ரல் கடைசியில் அந்த விலையை நீக்கினீர்கள், அது வேறு கதை. நான் சொல்ல வருவது, ஒரு இலக்கத்தை ஒரே இரவில் இந்தத் தீவு முழுக்க, மூன்று மொழியிலும், கடைசிக் கடை வரைக்கும் கொண்டுபோக உங்களால் முடிந்தது. விலையைக் கொண்டுபோன அதே வழியில் தொகுதி இலக்கத்தைக் கொண்டுபோகலாமே.

நிறுவனத்தின் பெயர் கெட்டுவிடும், ஆய்வுகூட முடிவு வராமல் பெயர் சொன்னால் வழக்குப் போடுவார்கள் என்று சொல்லுவீர்கள். அது நியாயமான பயம்தான், நான் தள்ளிவிடவில்லை. ஆனால் அதற்கும் வழி இருக்கிறது. "இந்தத் தொகுதி தடுத்து வைக்கப்பட்டிருக்கிறது, முடிவு வரும் வரைக்கும் விற்க வேண்டாம், சாப்பிட வேண்டாம்" என்று சொல்லுங்கள். முடிவு நல்லதாக வந்தால் அதையும் அதே இடத்தில், அதே அளவு எழுத்தில் போடுங்கள். பெயர் சொல்லாமல் விடுவதால் யாருடைய பெயரும் காப்பாற்றப்படுவதில்லை. அந்தச் செய்தி வந்த கிழமை என் கடையில் எந்தப் பிராண்டும் விற்கவில்லை, ஒன்றுமே விற்கவில்லை. ஒழுங்காக அடைக்கிற உள்ளூர்த் தொழிற்சாலையில் வேலை செய்கிற பிள்ளைகளுக்கும் அதில் நட்டம்தான். ஒரு பிழையான தொகுதியை மறைக்கப் போய் நல்ல தொகுதிகள் எல்லாம் சந்தேகத்தில் நிற்கின்றன.

கடைக்காரன் என்ற முறையில் இன்னும் சிலதைக் கேட்க வேண்டும். திகதியையும் தொகுதி இலக்கத்தையும் லேபிளில் மட்டும் அச்சடிக்க விடாதீர்கள், டின்னின் மூடியிலேயே தகடு பள்ளமாகும்படி அடிக்கச் சொல்லுங்கள். லேபிள் வெறும் கடதாசி, சுடுதண்ணீரில் நனைத்தால் கழன்று வரும், மையால் அடித்த திகதியைத் தின்னர் துணியால் துடைத்தால் போய்விடும். தகட்டில் பள்ளமாக அடித்ததை அப்படி அழிக்க முடியாது. என்னிடம் வந்த வெள்ள டின்களில் அப்படி அடித்திருந்தால் நானே பிடித்திருப்பேன், பி.எச்.ஐ. ஐயா வரும் வரைக்கும் காத்திருக்கத் தேவையில்லை.

மொத்த வியாபாரி கொடுக்கிற பில்லில் தொகுதி இலக்கம் எழுத வேண்டும் என்று கட்டாயமாக்குங்கள். இது ரொம்ப முக்கியம். ஒரு சின்னக் கடையில் 41 டின் பிடித்தால், அதன் பின்னால் எங்கேயோ நானூறோ நாலாயிரமோ இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் துண்டுக் கடதாசியைப் பிடித்துக்கொண்டு மேலே ஏற முடியாது, அந்த நூல் என் கடை வாசலிலேயே அறுந்துபோகிறது, கடைசியில் நீதிமன்றத்தில் நிற்பது நான் மட்டும். என்னை நிறுத்துங்கள், ஆனால் எனக்குப் பின்னால் இருக்கிறவரையும் நிறுத்துங்கள். உச்ச விலைக்கு மேல் விற்றால் தனி ஆளுக்கு ஒரு இலட்சத்தில் இருந்து ஐந்து இலட்சம், கம்பனிக்கு ஐந்து இலட்சத்தில் இருந்து ஐம்பது இலட்சம் என்று 2021 இல் தண்டத்தை உயர்த்தினீர்கள். கெட்ட மீனை லேபிள் மாற்றி விற்கிறவருக்கும் அந்த அளவு பயம் வர வேண்டும். விலை கூடிய டின்னால் பொக்கெட்டில் ஓட்டை விழும், கெட்ட டின்னால் உயிர் போகும்.

அப்புறம், தானாக முன்வந்து சொல்கிற கடைக்காரனைத் தண்டிக்காதீர்கள். எனக்குத் தெரிந்த எத்தனையோ கடைக்காரர்கள் ஊதிய டின்னைக் கண்டால் பேசாமல் குப்பையில் போட்டுவிடுகிறார்கள். பி.எச்.ஐ. மாரிடம் கொண்டுபோனால் நம் தலையில் விழும் என்ற பயம். ஆனால் ஒரே தொகுதியில் இருந்து மூன்று ஊரில் மூன்று டின் ஊதியது என்ற தகவல் உங்களுக்குக் கிடைத்தால் அதன் பெறுமதி எவ்வளவு! அது இப்போது குப்பைக் கூடைக்குப் போகிறது. ஒரு ரசீது எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், வழக்கு வேண்டாம், எங்கே வாங்கினாய் என்று மட்டும் கேளுங்கள், நாங்கள் சொல்லுவோம்.

கைப்பற்றிய டின்களை அழிக்கிறபோது அதையும் சனம் பார்க்க விடுங்கள். ஒவ்வொரு டின்னையும் குத்தித் துளைத்து, எத்தனை கைப்பற்றினோம், எத்தனை அழித்தோம் என்ற இரண்டு எண்ணிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் போடுங்கள். ஒருமுறை கழுவி லேபிள் மாற்றிய டின், இன்னொரு முறையும் மாற்றப்படாது என்று நம்புவதற்கு எனக்கு அந்த இரண்டு எண்ணிக்கை போதும். நிவாரணப் பொதிக்கு வாங்குகிற டின்களுக்கும் தொகுதி இலக்கத்தைக் குறித்து வைக்க வேண்டும். முகாமில் இருக்கிற சனத்துக்குக் கடையை மாற்றவும் வழி இல்லை, பிராண்டை மாற்றவும் வழி இல்லை, கொடுத்ததைத்தான் சாப்பிட வேண்டும்.

பி.எச்.ஐ. மாருக்கு ஒரு வார்த்தை. உங்களில் ஒருவருக்கு எத்தனை கிராமம், எத்தனை கடை, எத்தனை பாடசாலைச் சிற்றுண்டிச்சாலை, அதோடு டெங்கு, அதோடு தண்ணீர்த் தொட்டி. மோட்டார் சைக்கிளில் நீங்கள் ஓடுகிற ஓட்டத்தை நான் பார்க்கிறேன். சித்திரை வருடப்பிறப்புக்கும் நத்தாருக்கும் விசேட சுற்றிவளைப்பு என்று உங்களைத்தான் அனுப்புகிறார்கள். அன்றைக்கு என் டின்னில் லேபிளை உரித்துப் பார்த்த அந்த ஐயா ஒரு நிமிடம் சோம்பியிருந்தால், ஒரே ஒரு பெருவிரலால் அமர்த்திப் பார்க்காமல் போயிருந்தால், மிச்சம் 41 டின்னையும் நான் என் கையாலேயே விற்றிருப்பேன். அதை நான் மறக்கவில்லை. உங்கள் உழைப்பு ஒரு கடையோடு முடிந்துபோகக் கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். நீங்கள் ஒரு கடையில் பிடித்த இலக்கம் அன்று இரவே எல்லாக் கடைக்கும் வந்தால், ஒரு ஆள் செய்த வேலை ஆயிரம் ஆள் செய்த வேலையாகும். அந்த அறிவித்தல் தமிழிலும் வரட்டும். சிங்களத்தில் மட்டும் வந்தால் எங்கள் பக்கத்து மாமிமாருக்கு அது வராத மாதிரித்தான்.

அந்த மாமி கொண்டுவந்த மூன்று டின்னும் இன்னும் என் மேசைக்குக் கீழே ஒரு பெட்டியில் இருக்கின்றன. விற்கவும் மனமில்லை, எறியவும் மனமில்லை, நல்ல டின்னாகவும் இருக்கலாம். மூடியில் அடித்திருக்கிற எழுத்தையும் இலக்கத்தையும் கடன் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன். மாமி பாண் வாங்க வரும்போதெல்லாம் கேட்கிறார், "ஏதாவது சொன்னார்களா மனே?" உங்கள் பட்டியல் வந்த அன்றைக்கு அந்தப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு அவருக்குப் பதில் சொல்லுவேன்.

இப்படிக்கு,
மட்டக்களப்பில் இருந்து ஒரு பலசரக்குக் கடைக்காரன்